குளிசையை ஒளித்து வைத்த அம்மாவுக்கு: பரு மருந்தும் இரத்தப் பரிசோதனையும்

கேள்வி: டொக்டர், நாங்கள் சுன்னாகம் பக்கம். என் மகனுக்கு 19 வயது, 60 கிலோ. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறான். இரண்டு வருடமாக முகம், முதுகு, நெஞ்சு எல்லாம் பெரிய பருக்கள். கட்டி போல வந்து உடைந்து பள்ளம் விழுகிறது. ஒரு கலியாண வீட்டுக்கும் வருவதில்லை, படம் எடுக்க நிற்பதில்லை. தோல் டொக்டர் ஒருவர் ஐசோட்ரெட்டினோயின் என்ற குளிசை தந்தார். 20 மில்லிகிராம், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. தொடங்க முன்னர் இரத்தம் சோதித்தோம், எல்லாம் சரி என்றார். இரண்டு மாதம் முடிய மறுபடி சோதிக்கச் சொன்னார். இந்த முறை ட்ரைகிளிசரைட் 110இலிருந்து 236 ஆகிவிட்டது. எஸ்.ஜி.ஓ.ரி. 24 ஆக இருந்தது, இப்போது 64. எஸ்.ஜி.பி.ரி. 38. முதல் இரண்டு எண்ணுக்கும் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். சோதிக்கப் போன அன்று காலை அவன் ஒன்றும் சாப்பிடவில்லை, ஒரு தேத்தண்ணி மட்டும்தான் குடித்தான். முதல்நாள் இரவு மச்சானின் பிறந்தநாளுக்குப் போயிருந்தான். ஜிம்முக்கும் போகிறவன். பக்கத்து வீட்டு அக்கா, இந்த மருந்து ஈரலை அரித்துவிடும், பிறகு பிள்ளையும் பிறக்காது என்கிறார். எனக்கு நித்திரை இல்லை. குளிசையை அலுமாரிக்குள் ஒளித்து வைத்துவிட்டு, பாமசியில் முடிந்துவிட்டதாம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். ஐந்து நாளாகிறது. டொக்டரிடம் போக இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. ஈரலுக்குக் கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுக்கலாமா? இன்னொன்று, மகளுக்கு 24 வயது, இன்னும் மூன்று மாதத்தில் கலியாணம். அவளுக்கும் கன்னத்தில் பரு. மிச்சக் குளிசையை வீணாக்காமல் இருபது நாள் அவளுக்குக் கொடுத்தால் முகம் தெளியும்தானே?

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் கடிதத்தில் நீங்கள் கடைசியாகக் கேட்டதுக்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும். மகளுக்கு அந்தக் குளிசையை ஒன்றுகூடக் கொடுக்க வேண்டாம். மகனின் அறிக்கையில் இருக்கும் இரண்டு நட்சத்திரங்களைவிட எனக்குக் கவலை தருவது இதுதான்.

ஐசோட்ரெட்டினோயின் விற்றமின் ஏயின் உறவு. வயிற்றில் கரு இருக்கும் நேரத்தில் இது உடம்பில் இருந்தால் குழந்தையின் மூளை, இருதயம், காது, முக அமைப்பு எல்லாம் குறைபாட்டோடு உருவாகலாம், கரு கலைந்தும் போகலாம். இப்படி மருந்துக்குள் அகப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரை பெரிய குறைபாடுகளோடு பிறக்கின்றன. குறைந்த அளவு, சில நாள் மட்டும் என்று எடுத்தாலும் பயமில்லை என்று சொல்ல முடியாது. அதிலும் பாதிப்பு நடப்பது கருவின் ஆரம்ப வாரங்களில். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பமாக இருப்பதே தெரியாத காலம் அது. அதனால்தான் பெண்களுக்கு இதைத் தரும்போது தொடங்க ஒரு மாதத்துக்கு முன்னரிருந்து, மருந்து எடுக்கும் காலம் முழுவதும், நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறோம். தொடங்க முன்னரும், ஒவ்வொரு மாதமும், முடித்த பிறகும் கர்ப்பப் பரிசோதனை செய்கிறோம்.

இந்தப் பரிசோதனையைச் சொன்னவுடன் சில தாய்மாருக்கு முகம் சிவந்துவிடும். கலியாணம் ஆகாத பிள்ளையிடம் இதைக் கேட்கலாமா என்று கோபிப்பார்கள். அந்தக் கோபம் எனக்கு விளங்கும். ஆனால் பெண்ணின் நடத்தையைப் பற்றி நாங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கர்ப்பம் தரிக்கக் கூடிய வயதில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே விதிதான். ஆளுக்கு ஆள் விலக்குக் கொடுக்கத் தொடங்கினால், கடைசியில் பாதிக்கப்படுவது பிறக்கப்போகும் ஒரு குழந்தை.

கலியாணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறதே, இருபது நாளில் நிறுத்திவிட்டால் போதாதா என்று உங்களுக்குத் தோன்றும். கணக்கு என்று பார்த்தால் மருந்து ஒரு மாதத்துக்குள் உடம்பை விட்டுப் போய்விடும், அது உண்மைதான். நடைமுறையில் அப்படி நடக்காது. இந்த மருந்து இருபது நாளில் முகத்தைத் தெளிய வைக்காது. பலருக்கு முதல் மாதத்தில் பரு கூடத்தான் செய்யும். அப்போது, தொடங்கியதைப் பாதியில் விடுவானேன், இன்னும் ஒரு அட்டை போடலாம் என்று மனம் சொல்லும். அப்படியே போனால் கலியாண நாள் வந்துவிடும். நம் ஊரில் கலியாணமாகி இரண்டு மாதம் போகவில்லை, அதற்குள் விசேஷம் ஒன்றும் இல்லையா என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். புதிதாகக் கலியாணமான ஒரு பெண், வைத்தியரின் கண்காணிப்பு இல்லாமல், தம்பியின் குளிசையைப் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குள் போவதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. அதோடு இந்த மருந்து தோலை மெல்லியதாக்கும், உதட்டை வெடிக்க வைக்கும். பியூட்டி பார்லரில் மெழுகு போட்டு முடி எடுத்தால் தோலும் சேர்ந்து உரியும். மணப்பெண்ணுக்கு எந்தப் பக்கத்தாலும் இது பொருந்தாது.

உங்களுக்குத் தெரியாமல் மகள் ஏற்கெனவே ஒன்றிரண்டு எடுத்திருக்கிறாரா என்று தனியாகக் கூப்பிட்டு, ஏசாமல் கேளுங்கள். எடுத்திருந்தால் இப்போதே நிறுத்தினால் சரி, கலியாணத்துக்கு முன்னர் வேண்டிய கால இடைவெளி தாராளமாக இருக்கிறது. பின்னாளில் கர்ப்பம் தரிப்பதற்கு இந்த மருந்தால் தடை வராது. அவருடைய பருவுக்கு வேறு வழிகள் நிறைய உண்டு, மூன்று மாதம் அதற்கு நல்ல அவகாசமும்கூட. பென்சோயில் பெரொக்சைட், அசெலாயிக் அமிலம் போன்ற பூச்சு மருந்துகள் கன்னத்துப் பருவுக்கு நன்றாக வேலை செய்யும். எதைப் பூசுவது என்று தோல் வைத்தியர் பார்த்து முடிவு செய்யட்டும், ஏனென்றால் பூச்சு மருந்துகளிலும் விற்றமின் ஏ வகை உண்டு, கர்ப்பம் தரிக்க நினைக்கும்போது அதையும் விட வேண்டும். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருகிறதா, நாடியில் முடி வளர்கிறதா என்பதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் ஹோர்மோன் பரிசோதனை தேவைப்படலாம். கலியாணத்தை நினைத்து வெள்ளையாக்கும் கிறீம் ஏதாவது பூசுகிறாரா என்றும் பாருங்கள். கடையில் பெயர் விபரம் இல்லாமல் விற்கும் கிறீம்கள் சிலவற்றில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கும். முதல் இரண்டு கிழமை முகம் பளபளக்கும், பிறகு அதுவே பருவைக் கொண்டுவரும். கன்னத்துப் பருவோடு வரும் இளம்பெண்களில் இப்படிப்பட்டவர்களை நான் நிறையவே பார்க்கிறேன்.

சரி, இனி மகனின் விஷயத்துக்கு வருவோம்.

முதலில் அந்த மருந்தைப் பற்றிச் சொல்கிறேன். ஐசோட்ரெட்டினோயின் 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நாற்பது வருடத்துக்கு மேலாக உலகம் முழுவதும் கொடுத்து, அதன் குணம் என்ன, குற்றம் என்ன என்று நன்றாகத் தெரிந்த மருந்து. தோலில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளை இது சுருக்கிவிடுகிறது, துவாரங்கள் அடைபடுவதைத் தடுக்கிறது, வீக்கத்தைக் குறைக்கிறது. கட்டி கட்டியாக வந்து பள்ளம் விழும் பருவுக்கு இதற்கு நிகரான மருந்து வேறு இல்லை. விழுந்த பள்ளத்தைப் பிறகு நிரப்புவது கடினம், ஆனபடியால் பள்ளம் விழ முன்னரே பருவை அடக்குவதுதான் சிகிச்சையின் நோக்கம். உங்கள் மகனுக்கு அந்த வைத்தியர் இதைத் தேர்ந்தெடுத்தது நியாயமான முடிவு. அளவும் சரி. ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு அரை மில்லிகிராமிலிருந்து ஒரு மில்லிகிராம் வரை கொடுப்பது வழக்கம். 60 கிலோவுக்கு 40 மில்லிகிராம் அதற்குள்ளேதான் இருக்கிறது. சிகிச்சை முடியும்போது மொத்தமாக ஒரு கிலோவுக்கு 120இலிருந்து 150 மில்லிகிராம் போயிருக்க வேண்டும் என்று பார்ப்போம். அவருக்கு அது குறைந்தது 7200 மில்லிகிராம், அதாவது நாளுக்கு 40 என்றால் ஆறு மாதம். இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டால் பரு திரும்பி வரும் வாய்ப்பு அதிகம், பட்ட கஷ்டமும் செலவும் வீணாகிவிடும்.

இப்போது அந்த நட்சத்திரங்கள். ஆரோக்கியமானவர்களில் பெரும்பாலானோருக்கு எந்த அளவு இருக்கும் என்று ஆய்வுகூடம் ஒரு எல்லை வைத்திருக்கிறது. அதை ஒரு புள்ளி தாண்டினாலும் கணினி தானாக நட்சத்திரம் போட்டுவிடும். இந்த ஆள் என்ன சாப்பிட்டார், என்ன மருந்து எடுக்கிறார், முதல்நாள் என்ன செய்தார் என்பதெல்லாம் கணினிக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தை நான் வடிவாக வாசித்ததற்குக் காரணம் அதுதான். நீங்கள் போகிற போக்கில் எழுதிய மூன்று விஷயங்கள், தேத்தண்ணி, பிறந்தநாள், ஜிம், இந்த அறிக்கையில் பெரும்பகுதியை விளக்கிவிடக் கூடும்.

ட்ரைகிளிசரைட் என்பது இரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு. ஒரு டெசிலீற்றருக்கு 150 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. சாப்பாட்டுக்குப் பின் மணிக்கணக்காக இது ஏறி நிற்கும். ஆகவே பத்திலிருந்து பன்னிரண்டு மணித்தியாலம் வெறும் வயிறாக இருந்து இரத்தம் கொடுத்தால்தான் எண்ணை நம்பலாம். உங்கள் மகன் சாப்பிடவில்லை என்கிறீர்கள், ஆனால் தேத்தண்ணி குடித்திருக்கிறார். நம் வீடுகளில் தேத்தண்ணியை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. பால் விட்டதோ வெறும் தேத்தண்ணியோ, சீனி போட்டிருந்தால் வெறும் வயிறு இல்லை. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். அதுபோக முதல்நாள் இரவு பிறந்தநாள் வீடு. கேக், பிரியாணி, மென்பானம் என்று இரவு பத்து மணி தாண்டிச் சாப்பிட்டிருப்பார், காலை ஏழரைக்கு இரத்தம் கொடுத்திருப்பார். இளைஞர்கள் சேரும் இடத்தில் வேறு ஏதாவது குடித்திருந்தால் அதுவும் ட்ரைகிளிசரைட்டைக் கூட்டும். இந்த மருந்து எடுக்கும் காலத்தில் பியரோ கள்ளோ எதுவும் வேண்டாம் என்று அவரிடம் நேரடியாகவே சொல்லுங்கள். உங்கள் மகன் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை, இந்த வயதில் எல்லாரிடமும் நான் சொல்வது இது.

இவை எல்லாவற்றையும் கழித்தாலும் மருந்தின் பங்கு ஓரளவு இருக்கத்தான் செய்யும். ஐசோட்ரெட்டினோயின் ட்ரைகிளிசரைட்டைக் கூட்டும், இது எதிர்பார்த்த விஷயம். நிறுத்திய பிறகு சில கிழமைகளில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். நாங்கள் உண்மையில் பயப்படுவது சதையியில், அதாவது கணையத்தில், அழற்சி வந்துவிடுமோ என்றுதான். அந்த ஆபத்து பெரிதாவது எண் 1000ஐ நெருங்கும்போது. 500ஐத் தாண்டினாலே மருந்தின் அளவைக் குறைப்பதா, நிறுத்துவதா என்று யோசிப்போம். 236 அந்த இடத்துக்கு வெகு தூரம். சீனி, மென்பானம், கொத்துரொட்டி, பொரியல் வகைகளைக் குறைத்து, ஒழுங்காக வெறும் வயிற்றில் மறுபடி சோதித்தால் போதும் என்ற அளவில்தான் இருக்கிறது.

அதற்காக எண்ணெயே இல்லாத சாப்பாடாகக் கொடுக்கவும் வேண்டாம். இந்தக் குளிசை கொழுப்போடு சேர்ந்தால்தான் வடிவாக உடம்பில் சேரும், வெறும் வயிற்றில் போட்டால் பெரும்பகுதி வீண். தேங்காய்ப்பூப் போட்ட புட்டு, சொதி விட்ட இடியப்பம், மீன்குழம்போடு சோறு, இவற்றில் இருக்கும் கொழுப்பே காணும். இரத்தம் கொடுக்கும் நாளில் காலைக் குளிசையை இரத்தம் எடுத்த பிறகு சாப்பாட்டோடு போடலாம்.

அடுத்தது எஸ்.ஜி.ஓ.ரி. உங்களைக் கூடுதலாகப் பயமுறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன். ஈரல் பரிசோதனை என்ற தலைப்பின் கீழ் இது அச்சாகி வருவதால், கூடினால் ஈரல் கெட்டுவிட்டது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எஸ்.ஜி.பி.ரி. பெரும்பாலும் ஈரலில் இருக்கும் பொருள். எஸ்.ஜி.ஓ.ரி. ஈரலிலும் இருக்கிறது, தசையிலும் நிறைய இருக்கிறது. உங்கள் மகனின் எஸ்.ஜி.பி.ரி. 38, வழக்கமான எல்லையான 40க்குள். எஸ்.ஜி.ஓ.ரி. மட்டும் 64. ஜிம்முக்குப் போகும் 19 வயது இளைஞனில் இப்படி வந்தால் நான் முதலில் சந்தேகிப்பது தசையை. பாரம் தூக்கிய அடுத்த சில நாள்களுக்கு இந்த எண் ஏறி நிற்கும். ஐசோட்ரெட்டினோயின் எடுப்பவர்களுக்குக் கடும் உடற்பயிற்சியால் தசை இன்னும் கொஞ்சம் எளிதாக நோகும், முதுகு வலிக்கும். ஐயம் தீரவில்லை என்றால் சி.பி.கே. என்ற பரிசோதனை செய்து பார்க்கலாம், தசையிலிருந்து வருவதென்றால் அது கூடியிருக்கும். ஒரு கிழமை பாரம் தூக்குவதை நிறுத்திவிட்டு மறுபடி சோதிப்பது அதைவிடச் சுலபம். ஜிம்மில் யாராவது புரோட்டீன் மாவோ, உடம்பு வைக்க ஊசி குளிசை என்று எதுவுமோ கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். புரோட்டீன் மா சிலருக்குப் பருவைக் கூட்டும். உடம்பு வைக்கும் ஸ்டீரொய்ட் மருந்து பருவையும் கிளப்பும், ஈரலையும் தாக்கும். அப்படி ஒன்று இருந்தால் வைத்தியருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

ஈரலை அரித்துவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னது அக்கறையில்தான். இந்த மருந்தால் ஈரல் எண்கள் சிலருக்குக் கொஞ்சம் கூடும், பெரும்பாலும் தானே இறங்கும். எல்லையைப் போல இரண்டு மடங்குக்குள் என்றால் பார்த்துக்கொண்டே தொடர்வோம், மூன்று மடங்கைத் தாண்டினால் நிறுத்துவோம். பாரதூரமான ஈரல் பாதிப்பு மிக மிக அரிது. அந்த அரிதானதும் கையை மீறிப் போகாமல் பிடிப்பதற்குத்தான் இரத்தம் சோதிக்கச் சொல்கிறோம்.

மாதாமாதம் ஊசி குத்த வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள், தனியார் ஆய்வுகூடத்தில் கொடுக்கும் காசும் சின்னக் காசு இல்லை. 2022இல் ஐந்து கண்டங்களைச் சேர்ந்த தோல் வைத்திய நிபுணர்கள் சேர்ந்து ஆராய்ந்து ஒரு பொது முடிவுக்கு வந்தார்கள். ஆரோக்கியமான ஒருவருக்குத் தொடங்க முன்னர் ஒரு தடவை, மருந்து முழு அளவுக்கு வந்த பிறகு ஒரு தடவை ஈரலையும் ட்ரைகிளிசரைட்டையும் பார்த்தால் போதும், இரண்டும் சரியென்றால் மாதாமாதம் தேவையில்லை என்பது அவர்கள் கருத்து. இரத்த அணுக்களின் எண்ணிக்கை, சீனி, சிறுநீரகம் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சோதிக்கத் தேவையில்லை என்றும் சொன்னார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். நீரிழிவு, அதிக எடை, குடும்பத்தில் கொழுப்பு நோய் இருப்பவர்களுக்கு மட்டும் அடிக்கடி பார்ப்பேன். பெண்களின் கர்ப்பப் பரிசோதனை மட்டும் இந்தச் சலுகைக்குள் வராது. உங்கள் மகனுக்கு எண்கள் மாறியிருப்பதால் இன்னுமொரு தடவை சோதிப்பது அவசியம். எங்கள் நாட்டில் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் இல்லை, யாழ். போதனா வைத்தியசாலையில் தோல் கிளினிக்கும் இருக்கிறது. தனியாரில் செலவு தாங்கவில்லை என்றால் பரிசோதனையை விட்டுவிடாமல் அங்கே போய்க் கதைத்துப் பாருங்கள். எங்கே செய்தாலும் முடிந்தவரை அதே ஆய்வுகூடத்தில் செய்தால் பழைய எண்ணோடு ஒப்பிட வசதி.

கீழ்காய்நெல்லி கேட்டிருந்தீர்கள். மஞ்சள் காமாலைக்கு நம் பாட்டிமார் கொடுத்து வந்த மூலிகை, அதன்மேல் உங்களுக்கிருக்கும் நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. இப்போது வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கொடுத்துவிட்டு அடுத்த அறிக்கையில் எண் ஏறினாலும் இறங்கினாலும் எதனால் என்று யாராலும் சொல்ல முடியாமல் போய்விடும். சித்த மருந்தோ கைமருந்தோ ஏதாவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், யாரும் ஏச மாட்டார்கள். இரத்தம் ஊறட்டும் என்று ஆட்டு ஈரல் வாங்கிச் சமைத்துக் கொடுப்பதையும் கொஞ்சக் காலத்துக்கு நிறுத்துங்கள். ஈரலில் விற்றமின் ஏ மிக அதிகம், இந்த மருந்தோடு சேர்ந்தால் அளவு மீறிவிடும். மீன் ஈரல் எண்ணெய்க் குளிசையும், விற்றமின் ஏ சேர்ந்த சத்துக் குளிசைகளும் அப்படியே. கரட், பப்பாசி, முருங்கையிலை, மீன் இவற்றுக்கு ஒரு தடையும் இல்லை.

இரத்தத்தில் தெரியாத சில விஷயங்களையும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், அம்மா. அதில் முதலாவது மனநிலை. இந்த மருந்து எடுப்பவர்களில் சிலருக்கு மனச்சோர்வு வந்ததாகச் சொல்லப்படுகிறது. மருந்தால்தானா, முகத்தைப் பார்த்துப் பார்த்து உடைந்துபோன மனதாலா என்று பிரித்துச் சொல்வது கடினம், பலருக்கு முகம் தெளியத் தெளிய மனமும் தெளிகிறது. உங்கள் மகனோ பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை, இரண்டு வருடமாக ஆட்களைத் தவிர்த்து வாழ்கிறவர். நித்திரை குழம்புகிறதா, சாப்பாட்டில் விருப்பம் போய்விட்டதா, வாழ்ந்து என்ன பயன் என்ற மாதிரிக் கதைக்கிறாரா என்று கவனியுங்கள். அப்படி ஒரு சொல் காதில் விழுந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

இரண்டாவது நம் ஊருக்கே உரிய ஒன்று. 2024 மார்கழியில் இங்கே எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனது நினைவிருக்கும். வயலுக்குள் இறங்குகிறவர்களுக்கு அது வராமல் இருக்க சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையால் டொக்சிசைக்கிளின் குளிசை கொடுப்பார்கள். நல்ல மருந்து, உயிரைக் காக்கும் மருந்து. ஆனால் ஐசோட்ரெட்டினோயினோடு அதைச் சேர்த்து எடுக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறி, கடுமையான தலையிடி, சத்தி, பார்வை மங்கல் வரலாம். உங்களுக்கு வயல் இருந்து மகனும் இறங்குகிறவர் என்றால், இந்தக் குளிசை எடுப்பதை அங்கே முன்கூட்டியே சொல்ல வேண்டும். பருவுக்கென்று முன்னர் யாராவது எழுதிக்கொடுத்த டொக்சிசைக்கிளின் வீட்டில் கிடந்தால் அதையும் எடுத்து வைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் டெங்கும் வரும். டெங்கிலும் எஸ்.ஜி.ஓ.ரி. ஏறும், அப்போது எது எதனால் என்று குழப்பம் வரும். காய்ச்சல் வந்தால் பரு மருந்து எடுப்பதை முதல் வாயிலேயே சொல்லுங்கள், காய்ச்சலோடு இருக்கும்போது பரு மருந்துக்கான இந்த இரத்தப் பரிசோதனைகளுக்குப் போக வேண்டாம்.

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவும் கடும் வலி, நிற்காத சத்தி, கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது, இவற்றில் எது வந்தாலும் குளிசையை நிறுத்திவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். உதடு வெடிப்பது, மூக்கு காய்ந்து சிறிது இரத்தம் கசிவது, கண் உலர்வது எல்லாம் வழக்கமானவை. உதட்டுக்கு வாசலின் பூசி, சித்திரை வெயிலில் தொப்பி போட்டு, வெயில் காப்புக் கிறீம் பூசிச் சமாளிக்கலாம்.

பிள்ளை பிறக்காது என்று சொன்னதைப் பற்றி ஒரே வார்த்தை: ஆண்களின் பிள்ளைப் பேற்றை இந்த மருந்து கெடுப்பதில்லை. மகனுக்கு நாளைக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கும் இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் அவர் இப்போது இரத்ததானம் செய்யக் கூடாது. விளையாட்டுக் கழகங்களும் கோயில்களும் நடத்தும் முகாம்களில் இளைஞர்கள் கூட்டமாகப் போய்க் கொடுப்பார்கள், நல்ல பழக்கம்தான். அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம் அல்லவா? மருந்து முடிந்து ஒரு மாதம் போன பிறகு தாராளமாகக் கொடுக்கட்டும்.

இனி அலுமாரிக்குள் இருக்கும் குளிசை. ஐந்து நாள் விட்டதால் ஒரு கெடுதலும் நடக்கவில்லை. ஆனால் மகனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். 19 வயது, அவருடைய முகம், அவருடைய இரத்தம், அவருடைய சிகிச்சை. பாமசியில் இல்லை என்று நம்பிக்கொண்டு அவர் வேறெங்கோ தேடி, வைத்தியரின் துண்டு இல்லாமலே வாங்கிப் போடத் தொடங்கினால் நிலைமை இன்னும் சிக்கலாகும். பயத்தில் செய்தேன் என்று சொன்னால் அவருக்கு விளங்கும். நாளைக்கே அந்த வைத்தியரின் கிளினிக்குக்கு ஒரு அழைப்பு எடுத்து, பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் காட்ட முந்திய திகதி கேளுங்கள். நான் இங்கே எழுதியது உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொன்னது. குளிசையை எப்போது, எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்பதை அவரைப் பரிசோதித்தவரே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த பரிசோதனைக்கு முன்னர் ஒரு கிழமை ஜிம் வேண்டாம். முதல்நாள் இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, காலையில் தண்ணீர் மட்டும் குடித்து, ஏழு ஏழரைக்குள் இரத்தம் கொடுக்கட்டும். தேத்தண்ணியை ஒரு போத்தலில் கொண்டு போங்கள், இரத்தம் எடுத்து முடிந்த உடனே குடிக்கலாம். மருந்து எத்தனை நாள் நின்றிருந்தது என்பதையும் பரிசோதனைத் துண்டின் ஓரத்தில் எழுதி விடுங்கள், இடையில் நின்றது தெரியாவிட்டால் எண் இறங்கியதை வைத்தியர் தவறாக எடுத்துக்கொள்வார். சிகிச்சை முடியும்போது குளிசை மிஞ்சினால் அதைப் பாமசியில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.